சிமினேயாவா, மண் அடுப்பா, குமுட்டியா? வட சென்னை மொட்டை மாடிக்கு எது சரி

மார்கழி வந்துவிட்டால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் மொட்டை மாடிக்குத் தனி மவுசு வந்துவிடுகிறது. புழுக்கம் இல்லை, கடல் பக்கமிருந்து நல்ல காற்று. மீன் வறுக்கலாம், கிழங்கு சுடலாம், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பேசலாம். அதற்கு ஒரு நெருப்பு வேண்டும். வயிறு பெருத்துக் கழுத்து நீண்ட மெக்சிகோக்காரர்களின் மண் கணப்பை வீடியோக்களில் பார்த்துவிட்டு, அதை வாங்கி வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் இப்போது உண்டு. சிமினேயா என்பது அதன் பெயர். அதையும் நம்ம மண் அடுப்பையும் கரி போட்டு எரிக்கிற குமுட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட சென்னை வீட்டுக்கு வேலைக்கு ஆவது மண் அடுப்பும் குமுட்டியும்தான். ஆனால் புகை விஷயத்தில் சிமினேயா நம் அடுப்பைவிட ஒரு படி மேல். அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை.

சிமினேயா, மெக்சிகோவை ஸ்பானியர் ஆண்ட காலத்திலிருந்து வருவது. ஆரம்பத்தில் அது தோட்டத்து அலங்காரம் இல்லை. வீட்டுக்குள்ளேயே, ஜன்னலோரமாகவோ, கூரையில் புகை போக வழி விட்ட இடத்துக்கு நேர் கீழேயோ வைத்து, குளிர்காயவும் ரொட்டி சுடவும் வைத்திருந்தார்கள். பிறகு முற்றத்துக்கு வந்தது. 1990களில் அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் பரவியபோதுதான் இன்று நாம் படத்தில் பார்க்கும் ஜோடனை எல்லாம் சேர்ந்தது. குவாதலஹாரா நகரை ஒட்டிய தொனாலா இன்றும் மண்பாண்ட வேலைக்குப் பேர்போன ஊர்.

அதன் அமைப்பில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. கீழே உருண்ட வயிறு, முன்பக்கம் ஒரே ஒரு வாய், மேலே போகப் போகக் குறுகும் கழுத்து. வயிற்றில் சூடான காற்று கழுத்து வழியாக ஏறுகிறது. அது ஏற ஏற, வாய் வழியாகப் புதுக்காற்று தானாக உள்ளே இழுபடுகிறது. ஊத வேண்டாம், விசிற வேண்டாம். நெருப்பு நன்றாகப் பிடித்துவிட்டால் புகை உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே போய்விடும். சூடு மட்டும் வாய்ப்பக்கமாக வெளியே வரும். தடித்த மண் சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, தணல் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விட்டுக்கொண்டே இருக்கும். எதிரே உட்கார்ந்தவருக்கு சுகம். பின்னால் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் கிடையாது, இது ஒரு குறைதான்.

பலவீனம் மண்ணிலேயே இருக்கிறது. குறைந்த சூட்டில் சுட்ட மண் அது. உள்பக்கம் தகிக்கும்போது வெளிப்பக்கம் ஆறிக் கிடந்தால், விரியும் வேகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது, விரிசல் விழும். அதனால்தான் புதுச் சட்டியைப் பழக்குகிற மாதிரி இதையும் பழக்க வேண்டும். முதல் சில தடவை சுள்ளி மட்டும் போட்டுச் சின்னதாக எரித்து, தானாக ஆற விட்டு, பிறகே விறகு. அடியில் மணல் பரப்பி அதன்மேல்தான் நெருப்பு. கரியை அள்ளிக் கொட்டி எரிக்கக் கூடாது, அந்தச் சூட்டை வயிறு தாங்காது. தண்ணீர் ஊற்றி அணைக்கவே கூடாது.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். என்னைத் தயங்க வைப்பது மழை.

மத்திய மெக்சிகோ பீடபூமியில் மழைக்காலம் கோடையில். குளிர்காலம் காய்ந்து கிடக்கும். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி இரவில் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும். நெருப்பு தேவைப்படுகிற மாதங்களில் வானம் வெளுத்திருக்கும். மண்ணாலான ஒரு கணப்புக்கு அதைவிட நல்ல ஊர் வேண்டியதில்லை. நமக்கு அப்படியே தலைகீழ். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில்தான் சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டுகிறது. உடம்புக்கு இதமாக நெருப்பருகே உட்காரலாம் என்று தோன்றுகிற நாட்களும் அதே நாட்கள்தான். மெருகு போடாத மண் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஊறிய சிமினேயாவில் நெருப்பு மூட்டினால், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடி மண்ணைப் பிளக்கும். வர்தாவும் மிக்ஜாமும் வந்து போன டிசம்பர்களை நினைத்துப் பாருங்கள், மாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் தார்ப்பாயே நிற்காது. ஆக மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான் அதற்கு நம்ம ஊரில் வாய்க்கிற காலம். அப்போதும்கூட ஜனவரி இரவில் இங்கே சராசரியாக 20, 21 டிகிரி. போர்வை போதும்.

நம் ஆட்களுக்குக் குளிர்காய்வது தெரியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சங்கப் பாட்டுகளிலேயே வாடைக் காலத்தில் தடவு என்ற வாய் அகன்ற சட்டியில் நெருப்பு நிரப்பிக் குளிர்காய்ந்த செய்தி வருகிறது. கணப்புச் சட்டி என்று பிற்காலத்தில் சொன்னதும் அதே வகைதான். ஆனால் தினப்படி வாழ்க்கையில் நாம் நெருப்பை வைத்துக்கொண்டது சமைக்கத்தான். மண் அடுப்பின் ஒவ்வொரு பாகமும் அந்த ஒரு வேலைக்காக ஆனது.

சென்னையில் மண் அடுப்பு என்றால் கொசப்பேட்டைதான். புரசைவாக்கத்தை ஒட்டி, குயவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிற இடம். பிள்ளையார் சதுர்த்திக்குப் பொம்மை, கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானையும் அடுப்பும். பொங்கல் நெருங்கினால் வட சென்னையின் கடைத்தெருக்களிலும் ஓரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கும்போது ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் விளிம்பில் மூன்று குமிழ் இருக்கும். பாத்திரம் அந்த மூன்றில்தான் உட்காரும், விளிம்பில் உட்காராது. அந்தச் சின்ன இடைவெளி வழியாகத்தான் அனல் பாத்திரத்தைச் சுற்றி ஏறி வெளியே வரும். குமிழ் ரொம்ப உயரமாக இருந்தால் சூடு பாதி வீண், ரொம்பத் தாழ்ந்திருந்தால் நெருப்பு மூச்சுத் திணறிப் புகையும். மூன்றும் ஒரே உயரம் இல்லையென்றால் சட்டி ஆடும். விரலை வைத்துத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கொடியடுப்பு சேர்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. பெரிய வாயில் குழம்பு கொதிக்கும்போது, பக்கத்தில் ஏறி வருகிற மிச்ச அனலில் சோறு சூடாக இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது, பழுது பார்க்க முடிவது. விரிசல் முதலில் விழுவது விறகு நுழையும் வாயோரத்தில், விறகு இடித்து இடித்து. களிமண்ணோடு கொஞ்சம் மணலும் உமியும் சேர்த்துக் குழைத்து, பழைய மண்ணை நனைத்துவிட்டு, ஈரக் கையால் பூசி வழித்துவிட்டால் மறுநாள் காய்ந்துவிடும். உமி எரிந்து போன இடத்தில் நுண்ணிய துளைகள் நிற்கும், அவை இருப்பதால் அடுத்த விரிசல் நீளமாக ஓடாது. அடுப்பு தரையில் உட்காருகிற பொருள், கொஞ்சம் உடைந்தாலும் வேலை செய்யும். சிமினேயாவின் கழுத்திலோ வயிற்றிலோ விரிசல் ஓடிவிட்டால், அந்த உயரத்துக்கும் எடைக்கும் பூசி ஒட்டி நம்பி உட்கார முடியாது.

சமையலில் போட்டியே இல்லை. சங்கரா மீன் குழம்பை மண் சட்டியில் வைத்து, கொதி வந்ததும் விறகை ஒரு சாண் வெளியே இழுத்துவிட்டால் போதும், அனல் அப்படியே இறங்கிவிடும். சிமினேயாவில் சட்டியை எங்கே வைப்பது? வாய்க்குள் கம்பி வைத்து எதையாவது வாட்டலாம், அவ்வளவுதான்.

சரி, புகை. நம் அடுப்பில் வாய்க்கு எதிரே உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதுகிறவர் முகத்துக்குத்தான் புகை வரும், குமிழ் இடைவெளி வழியாகக் கண்ணுக்கும் வரும். என் ஆயா அடுப்படியில் இருந்தவரைக்கும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈர சவுக்கு வந்த நாளில் இருமல் ராத்திரி வரை நிற்காது. மண் வாசனை, ருசி, பாரம்பரியம் என்று இன்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த ருசிக்கு யாரோ ஒரு பெண் தன் நுரையீரலைக் கொடுத்திருக்கிறார்.

நம் நாட்டிலும் இதை யோசித்தவர்கள் உண்டு. 1950களில் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்துப் பரப்பினார். 1983ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புக்கென்றே தேசியத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக அடுப்புக் கட்டினார்கள். ஆனால் பல வீடுகளில் கரி பிடித்த குழாயைச் சுத்தம் செய்ய ஆளில்லை, அடுப்பு வாயின் அளவும் வீட்டுப் பாத்திரத்தின் அளவும் ஒத்துப்போகவில்லை, கொஞ்ச காலத்தில் பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள். கழுத்தும் வயிறும் ஒரே மண் உடம்பாக இருக்கிற சிமினேயாவில் அந்தக் குழாய்த் தொல்லை குறைவு. மேலிருந்து ஒரு துடைப்பக் குச்சியை விட்டு இழுத்தாலே கரி உதிர்ந்துவிடும்.

குமுட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. பழைய இரும்பு வாளி, உள்ளே மண் பூச்சு, பாதியில் கம்பித் தட்டு, கீழே சாம்பல் வழிக்க ஒரு சின்னக் கதவு. மேலே கரி. பற்ற வைக்கிற சில நிமிஷம் புகையும், பிறகு கண்ணுக்குத் தெரிகிற புகை கிடையாது. கையில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகலாம், மழை தூறினால் கரியை அணைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கலாம், இந்த ஒரு வசதிக்காகவே நம் மழைக்கு இதுதான் ஏற்றது. கருவாடு சுட, அப்பளம் வாட்ட, சோளம் சுட இதற்கு நிகர் இல்லை. கரி பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சீமைக்கருவேலம், நின்று எரியும். எதிரி உப்புக் காற்று. காசிமேடு, எண்ணூர் பக்கம் வாளியின் அடி சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டை விழும், அப்போது வாளியை மாற்றிப் புதுப் பூச்சுப் போட வேண்டியதுதான். இரும்பிலேயே வார்த்த சிமினேயாவை வாங்க நினைக்கிறவர்களும் இந்த உப்புக் காற்றைக் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். தந்தூரி அடுப்பைப் பற்றிக் கேட்டால், தினமும் ரொட்டி சுடுகிற கடைக்குச் சரி, வாரம் ஒரு நாள் சுடுகிற வீட்டுக்கு அது சூடேறுவதற்குள் விறகு தீர்ந்துவிடும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். புகை தெரியவில்லை என்பதால் கரி ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழைக்குப் பயந்து எரிகிற குமுட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் உயிர் போய்விடும். மாடியிலிருந்து இறக்கும் முன் கரியை மணலில் கொட்டி முழுக்க அணைத்துவிட வேண்டும்.

அப்புறம் மாடி. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும், மர உத்திரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. அதன்மேல் எடையான சிமினேயாவை வைத்து மணிக்கணக்கில் எரிப்பது எனக்குச் சம்மதமில்லை. கான்கிரீட் தளமானாலும் கீழே இரண்டு வரிசை செங்கல், அதன்மேல் மணல், பிறகுதான் எந்த அடுப்பும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கேபிள் ஒயர், துணிக் கொடி மூன்றும் எட்டவே இருக்கட்டும். காற்று நேராக வாய்க்குள் அடிக்கிற மாதிரி திருப்பி வைக்காதீர்கள். அடுப்பானால் நெருப்பு சீறி விறகு வீணாகும், சிமினேயாவானால் திடீர்ச் சூட்டில் உடம்பே வெடிக்கும்.

எரிப்பதற்குக் காய்ந்த சவுக்குப் பிளவையும் கொட்டாங்குச்சியும் போதும். துறைமுகப் பக்கம் மலிவாகக் கிடைக்கிற பேக்கிங் பலகையைத் தொடாதீர்கள். 'MB' என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால் அது மீத்தைல் புரோமைடு புகை போட்ட மரம், பெயின்ட் அடித்த பலகையும் ஒட்டுப்பலகையும் அதே கேடுதான். மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு நடுவே மூச்சு விடுகிறோம். 2018 போகியன்று எழுந்த புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாயின. பக்கத்து வீட்டு ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற தெருவில், நம் கணப்பின் கழுத்து நம் தலைக்கு மேலே அனுப்புகிற புகை மாடி வீட்டு அக்காவின் படுக்கையறைக்குத்தான் போகும். சிமினேயாவை யோசிக்கிறவர்கள் முதலில் அந்த ஜன்னலைப் பார்க்க வேண்டும்.

ஆகவே வாங்குவதானால் முதலில் குமுட்டி, அடுத்து கொடியடுப்பு வைத்த மண் அடுப்பு. சுற்றிலும் வெட்டவெளி இருக்கிற வீடு, மழைக்கு ஒதுக்கி வைக்க ஒரு ஷெட், இந்த இரண்டும் இருந்தால் சிமினேயா மாதிரி ஒன்றைச் செய்துபார்க்கலாம். அதற்கு மெக்சிகோவிலிருந்து கப்பலில் வர வேண்டியதில்லை. பானை வனையத் தெரிந்த கைக்கு அந்த வடிவம் கஷ்டமே இல்லை. வயிற்றையும் கழுத்தையும் தனித்தனியாக வனைந்து ஈரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், மண்ணில் மணல் கூடுதலாக இருக்கட்டும், சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக வரட்டும், மழை விழாமல் கழுத்துக்கு ஒரு மூடியும் கேளுங்கள். முடிந்தால் கழுத்தைக் கொஞ்சம் பின்பக்கமாக நகர்த்தி, முன்னால் மூன்று குமிழோடு ஒரு சட்டி வாயும் விடச் சொல்லுங்கள். சட்டி அந்த வாயை அடைத்து உட்கார்ந்தால் புகை கழுத்து வழியே போகும், குழம்பும் வைக்கலாம். சொல்வதைச் சித்திரை, வைகாசியில் சொல்லிவிடுங்கள். வெயிலில் தடித்த மண் உள்வரை காயும். ஆடி வந்துவிட்டால் பிள்ளையார் வேலை, அப்புறம் மழை, அகல், பொங்கல் பானை என்று அவர்களுக்குக் கை ஒழியாது.