வேலை கடலூர் சிப்காட்டில். குடியிருப்பு கடலூரிலா, புதுச்சேரியிலா?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துக் குடும்பத்துடன் இடம்பெயர்பவர்களில் பலர், வீட்டைப் புதுச்சேரியில் பார்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான் என்பது அந்த யோசனைக்கு வலுச்சேர்க்கிறது. ஆனால் சிப்காட் இருப்பது கடலூர் முதுநகரையும் தாண்டி, சிதம்பரம் சாலையில், குடிகாட்டை ஒட்டி. ஆகவே புதுச்சேரியிலிருந்து பேருந்தில் வருபவர் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் கடந்து கடலூர் நகரின் நெரிசலையும் முழுவதுமாகக் கடந்தாக வேண்டும். ரயிலும் உதவாது, விழுப்புரத்திலிருந்து பிரியும் கிளைப் பாதை புதுச்சேரியோடு முடிந்துவிடுகிறது, கடலூரோ விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையில் இருக்கிறது.

பயணக் களைப்பையாவது பழகிக்கொள்ளலாம். குழந்தைகளின் படிப்பு அப்படிப்பட்டதன்று. நடுவில் இருப்பது மாநில எல்லை என்பது அங்கேதான் உறைக்கும். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது; மறு ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரிக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் தமிழ்நாட்டுப் பள்ளிப் படிப்பையே அடிப்படையாகக் கொண்டவை. அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளையை எல்லைக்கு அப்பால் சேர்த்தால் இந்த உரிமை அறுந்துபோகும். மறுபுறம், புதுச்சேரியின் உயர்கல்விச் சேர்க்கையை நடத்தும் சென்டாக் குழுவின் சேர்க்கையில் உள்ளூர் மாணவராகக் கருதப்படுவதற்குத் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டு வசித்ததற்கான குடியிருப்புச் சான்று வேண்டும். இடையில் சிக்கிய பிள்ளைக்கு அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்ற நிலை வரக்கூடும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன என்பதால், மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு வரை வந்தவரை அங்கே சேர்ப்பதும் எளிதன்று.

இதற்கு மாறாக, ஒன்றாம் வகுப்பைத் தொடாத குழந்தையுடன் வந்து நெடுங்காலம் தங்கப்போகும் குடும்பத்துக்குப் புதுச்சேரியே மேல் என்று சொல்லலாம். ஐந்து ஆண்டு நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும். தனியார் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தேர்ந்துகொள்ள இடம் அதிகம். கணவன், மனைவி இருவரும் வேலை தேடுபவர்கள் என்றால் இரண்டாவது வேலைக்கான வாய்ப்பும் அங்கே கூடுதல். வீட்டில் நீண்டகால நோயாளி இருந்தால் கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர் அருகில் இருப்பது பெரிய ஆறுதல். எனினும் கடலூர்க்காரர்களும் அங்கேதான் செல்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செலவுக் கணக்கில் மின்சாரத்தையும் பெட்ரோலையும் பலர் பெரிதாக்குகிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு. பெட்ரோலுக்காக வீடு மாற வேண்டியதில்லை, எல்லையைத் தாண்டி நிரப்பிக்கொண்டு திரும்பும் கடலூர் வண்டிகள் ஏராளம். வாடகையோ ஊரைவிடத் தெருவைப் பொறுத்தது.

மழையில் இரண்டு ஊர்களும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அங்கே 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணை பெருகி, கடலூரின் ஆற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. புதுச்சேரியில் குடியிருப்பவர் வேலைக்கு வரும் சாலை அதே தென்பெண்ணையைக் கடந்துதான் வருகிறது.

என் கணிப்பில், ஆறாம் வகுப்புக்கு மேல் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் கடலூரைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை. கடலூரிலும் சிப்காட்டை ஒட்டி வீடு பார்க்க வேண்டாம். குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் இரசாயன நெடியைப் பற்றி நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். மஞ்சக்குப்பம் அல்லது திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் பார்க்கலாம், அதுவும் கெடிலம் ஆற்றின் கரையிலிருந்து சற்று விலகி. புதுச்சேரிதான் என்று முடிவெடுத்தவர்கள் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை எனத் தேடி நகரின் வடக்கே போய்விடாமல், தவளக்குப்பத்தை ஒட்டித் தேடினால் அன்றாடப் பயணம் கணிசமாகக் குறையும். எங்கே பார்த்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன், 2024 டிசம்பரில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வீட்டு உரிமையாளரிடம் அல்லாமல் அக்கம்பக்கத்தாரிடம் கேட்பது நல்லது.