கைகூடிய பிறகும் தொடரும் காதல்: மூன்று அறிபுனைத் தொடர்களும் அவற்றின் வாசகர்களும்

காதல் கதையைத் தனி நாவலாக எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்ட இடத்தில் கதையை முடித்துவிடலாம். பத்து, இருபது, அறுபது நூல்கள் என்று நீளும் தொடருக்கு அந்த வசதி இல்லை. மனம் ஒத்துப்போன மறுநாள் காலையிலும் அந்த உலகம் விடிந்தாக வேண்டும், அந்த இருவரும் அதில் ஏதேனும் செய்தாக வேண்டும். அறிவியல் புனைகதையும் காதலும் கலந்த நெடுந்தொடர்களைப் பற்றி வாசகர்கள் சொல்லும் பாராட்டுகளையும் குறைகளையும் நெடுநாளாகக் கவனித்து வந்திருக்கிறேன். அவர்களுடைய வழக்குகள் எந்தப் பக்கம் தொடங்கினாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: கைகூடிய காதலைத் தொடர் என்ன செய்கிறது?

இதற்கு மூன்று விதமாக விடை சொல்லும் மூன்று தொடர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நோரா ராபர்ட்ஸ், ஜே. டி. ராப் என்ற புனைபெயரில் 1995 முதல் எழுதிவரும் 'இன் டெத்' ஒரே ஜோடியைத் தொடக்கம் முதல் இன்றுவரை கைவிடாமல் வைத்திருக்கிறது. நளினி சிங் 2006-இல் தொடங்கிய 'சை-சேஞ்ச்லிங்' நூலுக்கு ஒரு ஜோடி என்று மாற்றிக்கொண்டே செல்கிறது. லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் 1986 முதல் 2018 வரை எழுதிய 'வோர்கோசிகன்' தொடர் ஒரு குடும்பத்தைப் பெற்றோர், மகன் என்று இரண்டு தலைமுறையாகப் பின்தொடர்கிறது. மூன்றும் ஒரே அலமாரியில் வைக்கத்தக்கவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. முதலாவது அடிப்படையில் துப்பறியும் கதை, மூன்றாவது விண்வெளிப் போர்க்கதையாகத் தொடங்கியது என்பது உண்மையே. ஆயினும் வாசகர்கள் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் இருப்பதில்லை.

'இன் டெத்' 2058-ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்குகிறது. கொலை வழக்குகளை விசாரிக்கும் காவல் அதிகாரி ஈவ் டல்லஸ், முதல் வழக்கில் சந்தேகத்துக்கு உரியவராக எதிரே வந்து நிற்கும் பெருஞ்செல்வர் ரோர்க்கைச் சந்திக்கிறாள். மூன்றாம் நூலின் இறுதியில் இருவருக்கும் திருமணம் நடக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் அனைத்தும் திருமணமான இருவரின் கதை. காதல் இலக்கியத்தில் இத்தனை நீளமாக ஒரு மணவாழ்க்கையைச் சொன்ன வேறு தொடரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதன் ரசிகர்கள் முதலில் சுட்டிக்காட்டுவதும் இதைத்தான். முதல் நூலில் ஈவின் உடையிலிருந்து கழன்று விழுந்த ஒரு சாதாரணப் பொத்தானை ரோர்க் எடுத்து வைத்துக்கொள்கிறார். பிறகு நூல் நூலாக அது அவருடைய சட்டைப்பையிலேயே இருக்கிறது. யோசனையில் ஆழும்போது விரல்களுக்கு நடுவே அதை உருட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பொத்தான் வரும் வரியைக் கண்டதும் வாசகருக்கு வரும் நிம்மதி, முப்பது நூல்களைத் தாண்டி வந்தவருக்கு மட்டுமே கிட்டும் நிம்மதி.

குறை சொல்பவர்கள் சொல்வதும் இதே நிம்மதியைத்தான். கொலை, விசாரணை, கணவனின் உதவி, சிறு சண்டை, சமாதானம், கைது என்று அச்சு மாறாமல் வருகிறது என்கிறார்கள். அறுபதைத் தாண்டிய நூல்களுக்குள் கதைக்குள் கடந்திருப்பது சில ஆண்டுகள் மட்டுமே. ஈவின் உதவியாளர் பீபடி துப்பறிவாளராகப் பதவி உயர்கிறாள், தோழி மேவிஸுக்குக் குழந்தை பிறக்கிறது. ஈவும் ரோர்க்கும் மட்டும் ஏறத்தாழ அதே வயதில், அதே வீட்டில், அதே வேகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தை வேண்டும் என்று ஒரு சாரார் விடாமல் கேட்கிறார்கள். ஈவ் கருவுற்றால் தொடர் முடிந்துவிடும் என்று ஆசிரியர் முன்பே சொல்லிவிட்டதால் அந்த விருப்பம் தன்னையே முடக்கிக்கொள்ளும் விருப்பமாகிவிடுகிறது.

எதிர்காலம் இத்தொடரில் திரைச்சீலை அளவுக்குத்தான் இருக்கிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. தானே சமைத்துத் தரும் இயந்திரமும், மனித உருவ ரோபோக்களும், விலையேறிப்போன அசல் காபியும் வருகின்றன. அவற்றை எடுத்துவிட்டாலும் இந்தத் திருமணம் ஒரு மாற்றமும் இல்லாமல் நிற்கும். ஆனால் அச்சு மாறுவதே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2004-இல் வந்த 'டிவைடட் இன் டெத்' நூலில், சிறுமியான ஈவ் தன் தகப்பனிடம் பட்ட கொடுமையை ஓர் அரசு உளவு அமைப்பு அறிந்திருந்தும் தடுக்காமல் விட்டது ரோர்க்குக்குத் தெரியவருகிறது. பழிவாங்கியே தீர்வது என்று அவர் நிற்கிறார். சட்டத்தின் பக்கம் நிற்பவளான அவளால் அதை ஏற்க முடியவில்லை. யார் மேலும் தவறு சொல்ல முடியாத, ஆனால் இருவரையும் பிரித்துவிடக்கூடிய சண்டை அது. மணவாழ்க்கையில் மட்டுமே வரக்கூடிய சண்டை. ஒரே ஜோடி என்ற ஏற்பாடு ஏன் வேண்டும் என்பதற்கு அந்த ஒரு நூல் போதுமான சான்று.

'சை-சேஞ்ச்லிங்' தொடரின் அமைப்பு வேறு. 2079-இல் தொடங்கும் இந்த உலகில் மனிதர்களோடு விலங்குருவம் எடுக்கக்கூடிய இனமும், மனஆற்றல் மிக்க 'சை' இனமும் வாழ்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் தங்களுக்குள் பெருகிய பித்தையும் வன்முறையையும் கட்டுப்படுத்த, சை இனத்தார் 'சைலன்ஸ்' என்ற பயிற்சி முறையால் குழந்தைப் பருவத்திலேயே உணர்ச்சிகளை அறுத்துவிட்டார்கள். அத்துடன், அவர்கள் அனைவரும் ஒரு மனவலையில் இணைந்திருக்க வேண்டும். அதிலிருந்து துண்டிக்கப்பட்டால் உயிர் தங்காது. முதல் நூலின் நாயகி சாஷா காதலிப்பதென்றால் வலையை விட்டு வெளியேற வேண்டும், வெளியேறினால் சாக வேண்டும். சிறுத்தை இனத்தவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் வேறொரு சிறிய வலை அவளைத் தாங்கிக்கொள்ளும் இடத்தில் அந்த முடிச்சு அவிழ்கிறது. இங்கே அறிவியல் கற்பனையை எடுத்துவிட்டால் காதலும் கூடவே விழுந்துவிடும். அந்த வகையில் மூன்று தொடர்களிலும் கலவை மிகக் கெட்டியாக அமைந்தது இதில்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

பிறகு ஏன் வாசகர்கள் பிரிகிறார்கள்? நூலுக்கு ஒரு ஜோடி என்பதால், ஒரு ஜோடியோடு நெருக்கம் வந்ததும் அவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த நூல்களில் விருந்திலோ ஆலோசனைக் கூட்டத்திலோ வந்து தலைகாட்டுவார்கள். நலமாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவே. 2016-இல் வந்த 'அலீஜியன்ஸ் ஆஃப் ஹானர்' நூல் பழைய ஜோடிகள் அனைவரையும் ஒன்றாகக் கூட்டியபோது, உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய்வந்த நிறைவு என்று சிலரும், கதையே இல்லாத வருகைப்பதிவு என்று சிலரும் சொன்னது இதனால்தான். எனக்கு இரண்டாவது கட்சி. நலமாக இருப்பவர்களை வரிசையாகப் பார்ப்பதில் அவர்களுடைய காதலைப் பற்றி எதுவும் புதிதாகத் தெரியவில்லை.

இன்னொரு பிணக்கு, துணை இன்னார் என்று உடலும் உள்ளமும் முன்பே அறிந்துவிடும் பிணைப்பைப் பற்றியது. விதிக்கப்பட்ட துணை என்றால் தேர்வுக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரூபி டிக்சன் 2015-இல் தானாகவே வெளியிடத் தொடங்கிய 'ஐஸ் பிளானட் பார்பேரியன்ஸ்' தொடரில் இது இன்னும் வெளிப்படை: உடலுக்குள் குடியேறும் ஓர் ஒட்டுயிரி, பொருத்தமானவரைக் கண்டதும் மார்புக்குள் அதிரத் தொடங்கிவிடும். அந்தத் தொடரை விரும்புகிறவர்கள், 'இவர் என்னை விட்டுப் போய்விடுவாரோ' என்ற அச்சம் முதல் பக்கத்திலேயே நீங்கிவிடுவதுதான் அதன் இன்பம் என்கிறார்கள். அதை இழிவாகப் பார்க்க எனக்கு மனமில்லை. ஆனால் நளினி சிங் ஒரு படி மேலே போயிருக்கிறார். 'கிஸ் ஆஃப் ஸ்னோ' நாவலின் நாயகன் ஹாக், தனக்கு விதிக்கப்பட்டவளைச் சிறுவயதிலேயே இழந்தவன். இனித் தனக்குப் பிணைப்பு வாய்க்காது என்று நம்பியே நாயகி சியென்னாவிடம் வருகிறான். விதியின் உறுதிமொழி இல்லாத இடத்தில் ஒருவன் எதை நம்பிக் காதலிப்பான் என்ற கேள்வி அந்நூல் நெடுகிலும் நிற்பதால்தான், தொடரில் பிடித்த நூலைக் கேட்டால் பலரும் அதைச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி 'வோர்கோசிகன்'. அறிபுனை உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடிய தொடர் இது. 1991, 1992, 1995 ஆகிய ஆண்டுகளில் இதன் நாவல்கள் ஹியூகோ விருது பெற்றன, 2017-இல் சிறந்த தொடருக்கான ஹியூகோவும் இதற்கே கிடைத்தது. காதல் வாசகர்கள் இதை எடுத்தவுடன் தங்களுடையதாகக் கொள்வதில்லை. முதல் நூலான 'ஷார்ட்ஸ் ஆஃப் ஹானர்' இரண்டு எதிரிகளின் நடைப்பயணத்தில் தொடங்குகிறது. ஆய்வுக் கப்பலின் தலைவி கோர்டீலியா, எதிரிப் படையின் ஏரல் வோர்கோசிகனிடம் கைதியாகிறாள். மூளை சிதைந்துபோன அவளுடைய இளம் அதிகாரி ஒருவனையும் கூட்டிக்கொண்டு, ஆளில்லாத கோளில் நாள்கணக்கில் நடக்கிறார்கள். உண்ண இருப்பது ஓட்ஸ் கஞ்சியும், பூஞ்சைச் சீஸ் கலந்த சாலட் குழம்பும். தானாக இனி எதையும் செய்ய முடியாதவனாகிவிட்ட அந்த இளைஞனுக்கு அவள் ஊட்டிவிடுவதை ஏரல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவனை வலியின்றிக் கொன்றுவிடுவதே கருணை என்று முதலில் சொன்னவர் அவர். அந்தப் பார்வையில் காதல் பிறக்கிறது. ஒரு முத்தமும் தேவைப்படவில்லை. மெதுவாக நகர்கிறது என்று நூலை மூடியவர்களிடம் நான் இந்தப் பகுதியைத் திரும்பப் படிக்கச் சொல்வதுண்டு.

இந்தத் தொடரில் காலம் நகர்கிறது. மகன் மைல்ஸ் பதினேழு வயதில் அறிமுகமாகி நாற்பதைத் தாண்டுகிறான். இடையில் அவன் காதலித்தவர்கள் அவனை மறுத்துவிட்டுத் தங்கள் வழியில் போகிறார்கள், அதற்கான காரணங்கள் நியாயமானவை. 1998-இல் வந்த 'கோமார்' நாவலில் எகாடெரினைச் சந்திக்கிறான். மூச்சுமுட்டும் மணவாழ்க்கை ஒன்றில் சிக்கியிருந்தவள் அந்த நூலிலேயே விதவையாகிறாள். மறு ஆண்டு வந்த 'எ சிவில் கேம்பெய்ன்' நூலில், தோட்டம் அமைக்கும் வேலைக்கு அமர்த்துவதாகச் சொல்லி, தன் எண்ணத்தை அவளிடம் மறைத்தபடியே அவளை நெருங்கப் பார்க்கிறான். ஒரு விருந்தில் குட்டு வெளிப்பட, எல்லார் முன்னிலையிலும் உளறலாகத் திருமணம் கேட்டுவிடுகிறான். அவள் எழுந்து போய்விடுகிறாள். பிறகு அவன் எழுதும் மன்னிப்புக் கடிதம்தான் இத்தொடரின் காதலுக்கு அச்சாணி என்று பலர் கருதுகிறார்கள், நானும் கருதுகிறேன். பலமுறை எழுதிக் கிழித்த பிறகு வரும் அந்தக் கடிதத்தில் அவன் தன்னை நியாயப்படுத்திக்கொள்வதில்லை. உழைத்துப் பெற முடியாது என்று அஞ்சியதைத் திருடப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். நூலின் முடிவில், பிரபுக்கள் நிறைந்த அவையில், திருமணம் செய்துகொள்கிறீர்களா என்று கேட்பவள் அவள்.

இதே தொடரின் ரசிகர்கள் கடுமையாக மோதிக்கொண்டது 'ஜென்டில்மேன் ஜோல் அண்ட் தி ரெட் குயீன்' நாவலின்மேல். ஏரல் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. எழுபத்தாறு வயதான கோர்டீலியா, கணவரின் உறைய வைக்கப்பட்ட உயிரணுக்களைக் கொண்டு செயற்கைக் கருப்பையில் மகள்களைப் பெற முடிவுசெய்கிறாள். ஏரலுக்கும் ஆலிவர் ஜோல் என்ற அதிகாரிக்கும் இடையே, அவள் அறிய, நெடுங்காலம் காதல் இருந்தது என்பதும் இதில்தான் வெளிப்படுகிறது. அதே ஜோல் இப்போது அவளுடைய துணையாகிறார். கதையில் பகை இல்லை, போர் இல்லை, ஆபத்து இல்லை என்று ஒரு சாரார் ஏமாந்தார்கள். முந்தைய நூல்களில் கோடிகூடக் காட்டாமல் இப்போது ஒரு காதலைச் செருகலாமா என்று மற்றொரு சாரார் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை, பழைய நூல்களை மறுபடி புரட்டினால் ஜோல் பெயரளவிலேயே வருகிறார். இருந்தாலும், நீண்ட ஆயுளும் செயற்கைக் கருப்பையும் உள்ள உலகில் துணையை இழந்த ஒரு முதியவளுக்கு இன்னும் ஐம்பது ஆண்டு மிச்சமிருந்தால் அவள் என்ன செய்வாள் என்ற கேள்வியை வேறெந்தத் தொடரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவளே இவள் என்று தெரிந்து படிப்பவருக்கு இந்நூல் தரும் கனத்தை, தனியாக எடுத்துப் படிப்பவர் பெறவே முடியாது.

எனவே எதை முதலில் எடுப்பது என்பது வாசகரின் தேவையைப் பொறுத்தது. களைத்துப்போன நாட்களில் தெரிந்த இருவருடைய வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும் என்றிருப்பவருக்கு 'இன் டெத்' ஏற்றது. முதல் நூலில் ரோர்க் அவளை நெருக்கும் விதம் இன்றைய வாசகர் சிலருக்கு உறுத்தும், அந்த உறுத்தல் தவறானதல்ல. மூன்று நூல்களைத் தாண்டியும் பிடிக்காவிட்டால் தொடர வேண்டாம். உலகமும் காதலும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும் கதை வேண்டுபவர் 'சை-சேஞ்ச்லிங்' தொடரின் முதல் நூலான 'ஸ்லேவ் டு சென்சேஷன்' நூலில் தொடங்கி வரிசை மாறாமல் செல்லட்டும். பிடித்த ஜோடியை மட்டும் பொறுக்கிப் படிப்பவர்கள் சைலன்ஸ் என்ற கட்டுமானம் சிறிது சிறிதாக விரிசல் விடுவதைத் தவறவிடுவார்கள், தொடரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

என் தேர்வு 'வோர்கோசிகன்' என்பதை இதற்குள் ஊகித்திருப்பீர்கள். அதன் வாசிப்பு வரிசை பற்றி வெளியீட்டு வரிசைக் கட்சியும் கதைக்கால வரிசைக் கட்சியும் ஓயாமல் வாதிடுகின்றன. காதலுக்காக வருகிறவர் கதைக்கால வரிசையில், 'ஷார்ட்ஸ் ஆஃப் ஹானர்' முடித்த கையோடு 1991-இல் வெளியான 'பேரயார்' நாவலைப் படிப்பதே சரி. முதல் நூலில் மணந்துகொண்ட இருவர் இரண்டாம் நூலில் நச்சுவாயுவால் கருவிலிருக்கும் பிள்ளையை இழக்கும் நிலைக்கு வருகிறார்கள், அதைக் காப்பாற்ற கோர்டீலியா ஓர் உள்நாட்டுப் போருக்குள் நடந்து போகிறாள். அந்தப் பிள்ளைதான் மைல்ஸ். இந்த இரண்டையும் படித்துவிட்டு அவனுடைய பதினேழாம் வயதுக்குள் நுழைந்தால், பெற்றவர்கள் அவனை ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.