புதியவர்களோடு வைட் தீவைச் சுற்றிய பந்தயம்: ஒரு வாடகைப் படகுச் சேவை குறித்து

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவைச் சுற்றி ஆண்டுதோறும் நடைபெறும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் இறங்க வேண்டுமானால், சொந்தப் படகும் பல ஆண்டுப் பழக்கமும் இருந்தாக வேண்டும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். கௌஸ் நகரின் ஐலண்ட் செய்லிங் கிளப் 1931-இல் 25 படகுகளோடு தொடங்கிய இப்பந்தயத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் ஓடிய ஆண்டுகள் பல உண்டு. முதன்முறையாகப் பந்தயத்துக்கு வந்தவர்களை ஏற்றிய வாடகைப் படகுகளும் அவற்றில் அடக்கம். கடந்த கோடையில் அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து அப்படியொரு படகை எடுத்தோம். எங்களில் இருவர் மட்டுமே அதற்கு முன் பாய்மரப் படகில் கால் வைத்தவர்கள். சேவை வழங்கிய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நாங்கள் கண்ட நிறைகுறைகள் எந்த நிறுவனத்தில் பதிவு செய்தாலும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டியவை.

நாற்பதடிப் படகு, அனுபவமுள்ள ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) ஒருவர், அவருக்குத் துணையாக ஒருவர், ஒரு நாள் பயிற்சி, மறுநாள் பந்தயம், உயிர்காப்பு அங்கி, மழையுடை ஆகிய அனைத்தும் கட்டணத்தில் அடங்கியிருந்தன. ஆளுக்கு ஏறக்குறைய 380 பவுண்ட் ஆயிற்று. சேதத்துக்கான முன்பணம் தனி.

இச்சேவையில் பணத்துக்கு உண்மையான மதிப்பைத் தந்தது பயிற்சி நாள்தான். ஸ்கிப்பர் பாடம் எதுவும் நடத்தவில்லை. கரையிலேயே ஒவ்வொருவரையும் ஓரிடத்தில் நிறுத்தி, "இரண்டு நாளும் உங்கள் வேலை இது ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டார். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றுக்கு ஒருவர், முன்பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறுகளுக்குப் பக்கத்துக்கு இருவர், பெரிய பாய்க்கு ஒருவர் என்று அது பிரிந்தது. (நம் கடற்கரைகளில் வழங்கும் இவ்விரு சொற்களையும் நண்பர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அன்று மாலைக்குள் படகில் எல்லோருமே "தாமான்" என்று கூவத் தொடங்கிவிட்டார்கள்.) காற்றை எதிர்த்துச் செல்லும் படகு திசை மாறும்போது, ஒரு பக்கத்துக் கயிறு சரியான நொடியில் விடப்பட வேண்டும், மறுபக்கத்துக் கயிறு பாய் நிறையுமுன் இழுபட வேண்டும், மற்றவர்கள் குனிந்து அடுத்த விளிம்புக்கு மாறியிருக்க வேண்டும். முதல் முறை எங்களுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது, படகும் ஏறக்குறைய நின்றேவிட்டது. முப்பதாவது முறைக்குப் பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எட்டுப் பேரையும் பயணிகளாக உட்கார வைத்துவிட்டுத் தாமே ஓட்டிச் செல்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும்; அப்படிச் செய்யாததற்காக அவருக்கு என்றும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பந்தயம் கௌஸிலிருந்து மேற்கு நோக்கி, பத்து நிமிட இடைவெளிகளில் பிரிவு பிரிவாகத் தொடங்குகிறது. வடியும் நீரோட்டம் படகுகளைத் தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகளை நோக்கி இழுத்துச் செல்லும்படி நேரம் குறிக்கப்படுகிறது. அன்று தென்மேற்குக் காற்று நீரோட்டத்துக்கு எதிராக வீசியதால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்தன. தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் இடையிலான நீரிணை குறுகும் ஹர்ஸ்ட் கோட்டையருகே, வின்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையில்) சுற்றியிருந்த தாமான் கயிற்றின் ஒரு சுற்று மற்றொன்றின் மீது ஏறி இறுகிக்கொண்டது. அதை விடுவிக்காமல் திசை மாற முடியாது. எதிரே, வலப்பக்கம் காற்று வாங்கியபடி ஒரு படகு வந்துகொண்டிருந்தது, விதிப்படி வழிவிட வேண்டியவர்கள் நாங்கள். ஸ்கிப்பர் குரலை உயர்த்தாமல் சுக்கானைத் தளர்த்தி அப்படகின் பின்புறமாக எங்களைக் கடத்தினார். துணைவர் மற்றொரு கயிற்றை எடுத்து, இறுகிய கயிற்றின் மேல் முடிச்சிட்டு, அதை வேறொரு வின்சுக்குக் கொண்டுபோய் இழுத்துப் பாரத்தை ஏற்றினார். சிக்கிய சுற்று தானாகத் தளர்ந்தது. அதைக் கழற்றும் வேலையை அந்தக் கயிற்றுக்குப் பொறுப்பான தோழியிடமே விட்டார்கள். அதன் பிறகு மாலை வரை அவர் கையில் ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை.

நீடில்ஸைத் தாண்டும் இடத்தில் 1947-இல் மூழ்கிய வார்வாசி என்னும் கிரேக்கக் கப்பலின் சிதைவு நீருக்கடியில் கிடக்கிறது. பாறையை உரசிச் சென்று நேரத்தை மிச்சப்படுத்த முயன்ற பந்தயப் படகுகள் பல அதில் மோதியிருக்கின்றன. எங்கள் ஸ்கிப்பர் அதைத் தொலைவாகவே சுற்றினார், அது சரியான முடிவு.

பெரிய குறை என்று நான் சொல்வது நிறுவனத்தின் ஏற்பாட்டைப் பற்றியது. முந்தைய வாடகைதாரர்களிடமிருந்து திரும்பிய படகு பழுதுபார்த்து முடியாததால், பயிற்சி இரண்டரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அதனால் விடுபட்டது, காற்று பின்னாலிருந்து வீசும்போது விரிக்கும் பெரிய பாயான ஸ்பின்னேக்கரின் பயிற்சி. தீவின் தென்கோடியான செயின்ட் கேத்தரின் முனையிலிருந்து கிழக்கே பெம்பிரிட்ஜ் மிதவை வரை காற்று முதுகுப்புறமாக வீசியபோது, சுற்றியிருந்த படகுகளெல்லாம் அந்தப் பெரிய வண்ணப் பாயை விரித்து எங்களைக் கடந்து சென்றன. எங்கள் ஸ்பின்னேக்கர் பைக்குள்ளேயே கிடந்தது. பழகாத கைகளிடம் அதைக் கொடுக்க ஸ்கிப்பர் மறுத்ததை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் விளம்பரத்தில் வாக்களித்து, அதற்கும் சேர்த்துப் பணம் பெற்றுக்கொண்ட பயிற்சியைத் தராமல் விட்டது நியாயமன்று. உயிர்காப்பு அங்கிகள் நன்றாக இருந்தன; ஒவ்வொன்றையும் எங்கள் கண்முன்னே சரிபார்த்த பிறகே அணிவித்தார்கள்.

ரைட் மணல்திட்டைத் தரைதட்டாமல் கடந்து, ஏறத்தாழ 50 கடல்மைலை முடித்துக் கௌஸை அடையப் பத்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமாயிற்று. எங்கள் பிரிவில் பின்பாதியில்தான் வந்தோம். ஆனால் கடைசிப் பத்துத் திசைமாற்றங்களிலும் ஸ்கிப்பர் வாயே திறக்கவில்லை.

முன்பணம் முழுமையாகத் திரும்பி வர ஐந்து வாரங்களும் மூன்று மின்னஞ்சல்களும் ஆயின. பதிவு செய்யுமுன், பயிற்சி நாளிலும் பந்தய நாளிலும் ஒரே ஸ்கிப்பர்தானா, முதல் நாள் படகு எத்தனை மணிக்குக் கைக்கு வரும் ஆகிய இரண்டையும் எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கோடைக்கு அதே ஸ்கிப்பரைக் கேட்டு, இம்முறை இரண்டு நாள் பயிற்சியோடு பதிவு செய்திருக்கிறோம்.