சொப்ஸும் ஏஜும்: சிறிய மென்பொருள் குழுவுக்கு ஏற்ற சோடி

பம்பலப்பிட்டியிலும் கொள்ளுப்பிட்டியிலும் ஐந்தாறு பேரோடு இயங்கும் மென்பொருள் குழுக்கள் பலவற்றில் .என்வ் கோப்பு இன்றும் வட்ஸ்அப்பில்தான் கைமாறுகிறது. தரவுத்தளக் கடவுச்சொல், கட்டண வாயிலின் இரகசியச் சாவி, எஸ்எம்எஸ் சேவையின் டோக்கன் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வேலையை விட்டு வெளிநாடு போனவரின் தொலைபேசியிலும் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கிறது. இந்தப் பழக்கத்தை நிறுத்த நினைப்பவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது இரகசியக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் சொப்ஸ் என்ற கருவியை, ஏஜ் என்ற குறியாக்கக் கருவியோடு சேர்த்து. லாரவெல், ஜாங்கோ, ரெயில்ஸ் ஆகிய வலைச் செயலிக் கட்டமைப்புகள் மூன்றோடும் இது ஒத்துப்போகும். ஆனால் சில இடங்களில் அசந்தால் காலை வாரிவிடும். அவற்றைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

சொப்ஸ் 2015இல் மொஸில்லாவில் பிறந்தது. 2023இல் சிஎன்சிஎஃப் என்ற திறந்த மூல மென்பொருள் அமைப்பின் சாண்ட்பொக்ஸ் (தொடக்கநிலை) திட்டமானது. கோ மொழியில் எழுதப்பட்ட ஒற்றைக் கோப்பு. இறக்கி வைத்தால் போதும். யமல், ஜேசன், ஐஎன்ஐ, என்வ் ஆகிய கோப்பு வடிவங்களில் பெயர்களை அப்படியே விட்டுவிட்டு, பெறுமதிகளை மட்டும் ஏஇஎஸ்-256-ஜிசிஎம் முறையில் பூட்டுகிறது. இதன் அருமை, நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைக்கும் கிட்டில் மாற்றங்களைச் சரிபார்க்கும்போதுதான் தெரியும். தரவுத்தளக் கடவுச்சொல்லின் வரி மாறியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், என்னவாக மாறியது என்று சாவி இல்லாதவருக்குத் தெரியாது. லாரவெலின் என்வ்:என்கிரிப்ட் கட்டளை இயல்பாக முழுக் கோப்பையும் ஒரே கட்டியாக்கிவிடும். ரெயில்ஸின் கிரெடென்ஷியல்ஸ் கோப்பும் அப்படித்தான். அவ்விரண்டிலும் குழு முழுவதும் ஒரே சாவியைப் பகிர வேண்டும் என்பது இன்னும் பெரிய குறை. சொப்ஸில் ஆளுக்கொரு சாவி.

செலவு பற்றி ஒரு வரி. ஏஜுக்குப் பதிலாகச் சொப்ஸோடு சேர்க்கக்கூடிய அமேசானின் கேஎம்எஸ் என்ற சாவிச் சேவையில் சாவி ஒன்றுக்கு மாதம் 1 டொலர். தொகை சிறிது, ஆனால் அதற்குக் கடன் அட்டையும் அமேசான் கணக்கும் வேண்டும். ஏஜுக்குக் கணக்கும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

நிறுவும் முறை இதுதான். ஒவ்வொருவரும் தம் லப்டொப்பில் ஏஜ்-கீஜென் ஓட்டிச் சாவிச்சோடி உருவாக்க வேண்டும். 'ஏஜ்1' என்று தொடங்கும் பொதுச் சாவியை மட்டும் குழுவுக்குக் கொடுக்கலாம். இரகசியச் சாவி, லினக்ஸில் வீட்டுக் கோப்புறையின் .கொன்ஃபிக்/சொப்ஸ்/ஏஜ் என்ற இடத்தில் கீஸ்.டெக்ஸ்ட் கோப்பாக இருக்க வேண்டும். அப்பிளின் மக் கணினியில் இடம் வேறு, அதனால் முதல் நாளே பலர் தடுமாறுவார்கள். பிறகு கிட் களஞ்சியத்தின் வேர்க் கோப்புறையில் .சொப்ஸ்.யமல் எழுதி, எந்தக் கோப்புக்கு யார் யாருடைய பொதுச் சாவி என்று விதி வைக்க வேண்டும். முதலில் பொருந்தும் விதியே செல்லும், ஆகவே வாடிக்கையாளர் பயன்படுத்தும் உற்பத்திச் சேர்வருக்கான குறுகிய விதி மேலேயும் பொது விதி கீழேயும் வரவேண்டும். சேர்வருக்கு ஒரு சாவி, அலமாரியில் பூட்டி வைக்கும் காப்புச் சாவி ஒன்று, இரண்டையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது கோப்பின் பெயர். சொப்ஸ் வடிவத்தைக் கோப்பின் கடைசி ஒட்டை வைத்தே கண்டுபிடிக்கிறது. .என்வ்.புரொடக்ஷன் என்று பெயரிட்டால் அதற்குப் புரியாது. முழுக் கோப்பையும் ஒரே கட்டியாகப் பூட்டிவிடும், மேலே புகழ்ந்த நன்மை அத்தனையும் போய்விடும். புரொடக்ஷன்.என்வ் என்று திருப்பிப் பெயரிடுங்கள். என்வ் கோப்பில் பெறுமதியைச் சுற்றி மேற்கோள் குறி போடும் பழக்கத்தையும் விட வேண்டும். இரகசியங்களைத் திறந்து செயலிக்குக் கொடுக்கும் சொப்ஸின் எக்ஸெக்-என்வ் கட்டளை வழியாக ஓட்டும்போது அந்தக் குறியும் கடவுச்சொல்லின் பகுதியாகவே போய்ச் சேரும், தரவுத்தளம் மறுத்துவிடும்.

விண்டோஸில் பவர்ஷெல் 5.1 வைத்திருப்பவர்கள் '>' அம்புக்குறியால் கோப்பில் எழுதினால் அது யூடிஎஃப்-16 எழுத்துக்குறியீட்டுக்கு மாறிவிடும், எந்தக் கட்டமைப்பும் அதைச் சரியாகப் படிக்காது. அம்புக்குறிக்குப் பதில் சொப்ஸின் அவுட்புட் விருப்பத்தைக் கொடுங்கள்.

இருவர் ஒரே கோப்பைக் கிட்டின் வெவ்வேறு கிளைகளில் மாற்றினால் மோதல் நிச்சயம், அவர்கள் தொட்டது வெவ்வேறு வரிகளாக இருந்தாலும் கூட. கடைசியாக மாற்றிய நேரமும் மக் எனப்படும் சரிபார்ப்பு முத்திரையும் ஒவ்வொரு முறையும் மாறுவதே காரணம். பூட்டிய உரையைக் கையால் ஒட்டிச் சேர்த்தால் முத்திரை பொருந்தாது, கோப்பு திறக்காது. இரு பக்கத்தையும் தனித்தனியே திறந்து, திறந்த நிலையில் இணைத்து, மீண்டும் பூட்டுவதே சரியான வழி. கருவியின் மிகத் தொல்லையான பகுதி இதுதான்.

லாரவெல்காரருக்கு ஓர் எச்சரிக்கை: அமைப்புகளை ஒரே கோப்பில் திரட்டும் கொன்ஃபிக்:கேஷ் கட்டளையை ஓட்டியதும் பூட்டுகள் எல்லாம் அவிழ்ந்து, பூட்ஸ்ட்ராப்/கேஷ் கோப்புறையில் யாரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாகக் கிடக்கும். அதை, செயலியைப் பொதியாக்கும் டொக்கர் இமேஜுக்குள் வைத்து அனுப்பாதீர்கள். டொக்கர் கொள்கலன் எழும்பும்போது சேர்வரிலேயே உருவாக்குங்கள்.

எல்லாவற்றையும் பூட்டத் தேவையில்லை. என்கிரிப்டட்_ரெஜெக்ஸ் விதியால் இரகசியங்களை மட்டும் பூட்டி, நேர வலயம், மொழி போன்றவற்றைக் கண்ணுக்குத் தெரிய விடலாம். நேர வலயத்தை 'ஏசியா/கொழும்பு' என்றே எழுதுங்கள். +5:30 என்று எண்ணாக எழுதினால் 1996 முதல் 2006 வரையான பழைய பதிவுகள் பிழைக்கும், அந்த ஆண்டுகளில் இலங்கையின் கடிகாரம் வேறாக ஓடியது. யமலில் நிறுவனக் கிளைகளின் தொலைபேசி இலக்கங்களை வைப்பவர்களும் கவனிக்க: பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை யமல் 1.1 எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக எடுத்துக்கொள்ளும், 0112 என்பது 74 ஆகும். கொழும்பு இலக்கம் 011இல் தொடங்குவதால், 8உம் 9உம் இல்லாத இலக்கங்கள் மட்டும் பைத்தனில் யமலைப் படிக்கும் பையமலில் சத்தமில்லாமல் மாறிவிடும், மற்றவை தப்பும். அதனால்தான் பிழையைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமாகிறது. யமலில் மேற்கோள் குறி கட்டாயம்.

ஒருவர் விலகும்போது செய்ய வேண்டியவை மூன்று. விதிக் கோப்பிலிருந்து அவர் சாவியை நீக்கிச் சொப்ஸின் அப்டேட்கீஸ் கட்டளையை ஓட்ட வேண்டும். அடுத்து ரொட்டேட் கட்டளையை ஓட்டி, கோப்பின் பெறுமதிகளைப் பூட்டும் தரவுச் சாவியை மாற்ற வேண்டும். இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. கிட் வரலாற்றின் பழைய பிரதி அவரிடம் இருந்தால், அவருடைய சாவி அதை இன்னும் திறக்கும். தரவுத்தளத்திலும் கட்டண வாயிலிலும் உண்மையான கடவுச்சொற்களையே மாற்ற வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வாடிக்கையாளர் விவரம் வைத்திருக்கும் எந்தக் குழுவும் இந்த மூன்றாம் படியைத் தவிர்க்கக் கூடாது.

சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகத் தரவுத்தளக் கடவுச்சொற்களோ, யார் எப்போது எந்தச் சாவியை எடுத்தார் என்ற மையப் பதிவேடோ தேவைப்படும் குழு இதில் காலத்தை வீணாக்க வேண்டாம். அவர்கள் பார்க்க வேண்டியது வோல்ட் அல்லது ஓப்பன்பாவ் என்ற இரகசியக் காப்பகச் சேர்வர். அவற்றைப் பராமரிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும்.