முயலின் காதுச் சொறி: எண்ணெயா, ஊசியா, பிடரியில் விடும் சொட்டு மருந்தா?

முயல் ஓயாமல் தலையை உதறிக்கொண்டும் பின்னங்காலால் காதடியைப் பிறாண்டிக்கொண்டும் இருந்தால், வீட்டில் வளர்ப்பவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவார். பண்ணைக்காரர் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி ஊசி மருந்தின் புட்டியைத் தேடுவார். எது நல்லது என்ற வாக்குவாதம் பிறகு நடக்கட்டும். முதலில் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

உள்மடலில் பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காக, தீய்ந்த அப்பளம்போல் நொறுங்கும்படி இருந்தால் அது சோரோப்டிஸ் என்னும் சொறிப்பூச்சியின் வேலை. சிறு துண்டு பொருக்கைக் கறுப்புத் தாளில் வைத்து உற்றுப் பார்த்தால் வெண்புள்ளிகள் ஊர்வது வெறுங்கண்ணுக்கே தெரியும். காதின் ஓரம், மூக்கு நுனி, நகக்கண் ஆகிய இடங்களில் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைச் செதில் இருந்தால் அது சார்கோப்டிஸ். இது தோலைத் துளைத்துக் குடியிருப்பது. வளர்ப்பவரின் கையிலும் சில நாள் அரிப்பைக் கொடுக்கும். பொருக்கே இல்லாமல் வெண்ணெய்போல் கெட்டியான சீழ் தெரிந்தால் பாக்டீரியாத் தொற்று. தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் சிக்கல் உட்காதிலோ மூளையிலோ இருக்கலாம். சீழுக்கும் தலைச் சாய்வுக்கும் இங்கே பேசப்போகும் மூன்று மருந்துகளும் உதவாது. கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியதுதான். வீட்டில் மீந்த அமாக்சிசிலின் என்னும் ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். முயலின் குடல் நுண்ணுயிர்களை அது நிலைகுலையச் செய்து உயிரையே பறித்துவிடும்.

இனி எண்ணெய். தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ விட்டால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகிறது, பொருக்கும் ஊறி இளகுகிறது. சோரோப்டிஸ் தோலின் மேற்பரப்பில் வாழ்வதால் இந்த வைத்தியத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை அதற்கு ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அத்தனை நாளும் விடாமல் எண்ணெய் விட வேண்டும். முயல் காதைச் சொறிந்த காலாலேயே உடம்பையும் சொறிவதால் கழுத்துக்கும் காலிடுக்குக்கும் போய்விட்ட பூச்சியை எண்ணெய் தொடுவதில்லை. சார்கோப்டிஸ் என்றால் எண்ணெயை நம்பவே கூடாது. எண்ணெயில் கற்பூரத்தைக் கரைப்பது, மண்ணெண்ணெய் தடவுவது போன்ற சேர்மானங்கள் புண்ணான காதில் எரியும்; முயல் நக்கினால் உள்ளே போய் நஞ்சாகும்.

பண்ணைக்கு என் ஓட்டு ஊசிக்குத்தான். தோலுக்கடியில் போட்ட ஐவர்மெக்டின் இரத்தத்தோடு உடல் முழுவதும் போவதால் பூச்சி எங்கே ஒளிந்திருந்தாலும் எட்டிவிடும். முட்டையை மட்டும் அது கொல்லாது. அதனால்தான் 10 முதல் 14 நாள் இடைவெளியில் மறு ஊசி, தேவைப்பட்டால் மூன்றாவதும் போடுகிறார்கள். முதல் ஊசியில் முயல் சொறிவதை நிறுத்தியதும் மறு ஊசியை மறந்துவிடுவது வழக்கமான தவறு. முட்டையிலிருந்து வந்த கூட்டம் மறுபடி காதை நிறைத்துவிடும்.

இதைவிடப் பெரிய சங்கடம் அளவு. கடையில் கிடைக்கும் 1 சதவீத மருந்து மாட்டுக்காகச் செய்தது. 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்பது அதன் கணக்கு. அதே கணக்கில் 2 கிலோ முயலுக்கு வருவது 0.04 மில்லி, ஒரு சொட்டுக்கும் குறைவு. முயலுக்கு மருத்துவர்கள் இதன் இரு மடங்கு வரை கொடுப்பதுண்டு, அப்போதும் 0.08 மில்லிதான். சாதாரணச் சிரிஞ்சில் இதைக் கண்மதிப்பாக அளப்பது சூதாட்டம். எடை பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவை இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பதே முறை. மருந்து கொழுப்பில் தங்கும் என்பதால், இறைச்சிக்கு விற்கும் முயல் என்றால் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஒன்றிரண்டு முயல் வைத்திருக்கும் வீட்டுக்குப் பிடரியில் விடும் செலமெக்டின் சொட்டு வசதியானது. ஊசி வலி இல்லை, தினமும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நாய், பூனைக்கான மருந்து என்பதால் முயலுக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஐம்பது முயல் உள்ள பண்ணைக்கு விலை கட்டாது. கடையில் இதே வடிவக் குழாயில் பக்கத்திலேயே ஃபிப்ரோனில் என்னும் உண்ணி மருந்து இருக்கும். முயலுக்கு அது ஆகாது, உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது. குழாயின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படித்த பிறகு வாங்குங்கள்.

ஆக, மருத்துவர் எட்டாத தொலைவில் இருக்கும்போது, ஒற்றை முயலுக்கு, ஆரம்பக் கட்டத்தில் எண்ணெய் தாக்குப்பிடிக்கும். பொருக்கு காதின் குழியை அடைத்துவிட்டால் ஊசியோ சொட்டோதான். எந்த மருந்தானாலும் பொருக்கைப் பிய்க்காதீர்கள். அதன் அடியில் இருப்பது பச்சைப் புண். பிய்த்தால் இரத்தம் கசியும், அடுத்த முறை கையைக் கண்டாலே முயல் பதறும். பூச்சி செத்த பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் பொருக்கு தானாக உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைக் கூண்டுக்கடியில் விட்டு வைக்காமல் கூட்டி எரிக்க வேண்டும், ஏனென்றால் முயலை விட்டு விழுந்த பூச்சியும் குளிர்ந்த, ஈரமான சூழலில் 3 வாரம் வரை பிழைத்திருக்கக் கூடும். ஒரே கொட்டகையில் இருக்கும் முயல்கள் அனைத்துக்கும், காது சுத்தமாகத் தெரிபவற்றுக்கும் சேர்த்து, ஒரே நாளில் மருந்து கொடுங்கள். கம்பிக் கூண்டாக இருந்தால் முயலை வெளியேற்றிவிட்டு, கேஸ் டார்ச்சின் தீயை மூலைமுடுக்கெல்லாம் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.