குடும்பமாக வருவோருக்கு ஒரு தங்குமிடம்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீடற்ற குடும்பங்களுக்காகத் தன்னார்வலர்கள் நடத்திவரும் தங்குமிடம் ஒன்றைச் சில மாதங்களாக அருகிலிருந்து கவனித்து வருகிறேன். பெங்களூருவில் கட்டட வேலை நின்றதும் வாடகை கட்ட வழியின்றித் திரும்பியவர்கள், மாங்கூழ் ஆலைகளின் பருவம் முடிந்தபின் கையில் காசின்றி நிற்பவர்கள், கணவனின் குடிக்கும் அடிக்கும் தப்பிப் பிள்ளைகளோடு வெளியேறிய பெண்கள் ஆகியோரே இங்கு மிகுதியாக வருகிறார்கள். பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு இரவைக் கழிக்கும் இவர்களை ஊரார் பயணிகள் என்றே எண்ணிக்கொள்வதால், இவர்களின் துயரம் யார் கண்ணிலும் படுவதில்லை.

கழிப்பறை தூய்மையாக இருக்கிறது. இரவுச் சாப்பாடு, பெரும்பாலும் களியும் கீரைக் குழம்பும், சூடாகக் கிடைக்கிறது. இடம்தான் போதவில்லை. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி வேண்டும் என்றது. இங்கோ ஒரே கூடத்தில் கயிறு கட்டிப் பழைய சேலைகளைத் தொங்கவிட்டுக் குடும்பங்களைப் பிரித்திருக்கிறார்கள்.

இந்தச் சேவையின் உண்மையான சிறப்பு, காகித வேலையில் இவர்கள் காட்டும் பொறுமையில் இருக்கிறது. ஒரு முற்பகலில், மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட பிறப்புச் சான்றிதழை ஒரு தன்னார்வலர் செய்தித்தாளின்மேல் விரித்து, கிழியாமல் மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த தாய் மூச்சு விடாமல் பார்த்திருந்தார். அங்கீகரிக்கப்பட்ட காப்பகப் பொறுப்பாளரின் சான்றைக் கொண்டு ஆதாரில் முகவரி மாற்றுவது, பிறகு குடும்ப அட்டைக்கு விண்ணப்பிப்பது என்று படிப்படியாக நடத்துகிறார்கள். அட்டை இருந்தால்தான் ரேஷன் அரிசி. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கும் அதுவே அடிப்படை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் தொடக்கக் கல்வியில் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதைத் தலைமையாசிரியரிடம் பணிவாக எடுத்துச் சொல்லி, பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிட்டே திரும்புகிறார்கள்.

ஆனால் ஒரு விதியை என்னால் ஏற்க முடியவில்லை. கணவரையும் வளர்ந்த மகன்களையும் ஆண்களுக்கான வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெண்களின் பாதுகாப்புக்காக என்று சொல்லப்படும் காரணம் சரியானதே; எனினும் பதின்மூன்று வயதுச் சிறுவனைத் தாயிடமிருந்து பிரித்து அறிமுகமில்லாத ஆண்களிடையே படுக்க வைப்பதை எந்தப் பாதுகாப்பில் சேர்ப்பது? பிரிய மனமில்லாமல் பேருந்து நிலையத்துக்கே திரும்பிய குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். கதவும் தாழ்ப்பாளும் உள்ள சிறு அறைகள் நான்கைந்து இருந்தாலே இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

தன்னார்வலர்களும் இதை உணர்ந்தே, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் குடும்ப அறைகளுக்காகவும் வீட்டுமனைப் பட்டாவுக்காகவும் மனு கொடுத்து வருகிறார்கள். பட்டா கேட்பதற்குக் காரணம் உண்டு: ஊரகக் குடிசைவாசிகளுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம்கூடச் சொந்த மனை உள்ளவருக்கே பயன்படும்.

உதவ விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை உணவுப் பொட்டலங்களோடு வருவதைவிட, வார நாளில் ஒரு முற்பகலை ஒதுக்கி, ஒரு தாயோடு வட்டாட்சியர் அலுவலகம் வரை சென்று வந்தால் நல்லது. அந்த வேலைக்குத்தான் இங்கு ஆள் போதவில்லை.