வெக்டரா, லிஸ்ட்டா: பிராசஸருக்கு எது தோது?

சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியில் பத்து லட்சம் முழு எண்களைக் கூட்ட வேண்டும். அவற்றை மெமரியில் அடுத்தடுத்து அடுக்கும் வெக்டரில் வைத்தாலும், ஒவ்வொன்றையும் தனிக் கணுவாக்கிச் சங்கிலியாகக் கோக்கும் லிஸ்ட்டில் வைத்தாலும் எழுதும் லூப் ஒன்றுதான். பாடப்புத்தகக் கணக்கில் வேலையும் ஒரே அளவுதான். ஆனால் ஓட்டிப் பார்த்தால், கணுக்கள் சிதறிக் கிடக்கும் லிஸ்ட்டை வெக்டர் பல மடங்கு முந்திவிடும்.

காரணம் கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரி. பிராசஸர் மெமரியிலிருந்து ஒற்றை எண்ணாக எடுப்பதில்லை. இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் ஒரு தடவைக்கு 64 பைட் கேஷுக்குள் வரும். வெக்டரில் எண்கள் அடுத்தடுத்து இருப்பதால், 4 பைட் எண்கள் 16 சேர்ந்தே வந்துவிடும். வரிசையாகப் படிப்பதைக் கண்டுகொண்டு பிராசஸர் அடுத்த துண்டையும் முன்கூட்டியே வரவழைக்கும். ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளை அனுமதித்தால், நிரலைப் பிராசஸர் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் எட்டெட்டாகவும் கூட்ட வைக்கும்.

லிஸ்ட்டிலோ ஒவ்வொரு எண்ணுக்கும், முன் பின் கணுக்களின் முகவரியை வைத்திருக்கும் இரண்டு பாயின்டர்கள். 64 பிட் கணினியில் 4 பைட் எண்ணுக்காகக் குறைந்தது 24 பைட் போகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அடுத்த கணு எங்கே என்பது இந்தக் கணுவைப் படித்த பிறகுதான் தெரியும். அது கேஷில் இல்லையென்றால் முதன்மை மெமரிக்கு (RAM) போய்வர 100 நானோ விநாடி அளவுக்கு ஆகும். விநாடிக்கு முந்நூறு கோடி சுழற்சி ஓடும் சில்லு அதுவரை சும்மா நிற்பதைப் பார்க்க எனக்கு மனசே ஆறாது.

நடுவில் செருக லிஸ்ட்தான் வேகம் என்பார்கள். சரி, அந்த இடத்தைத் தேடிப்போக வேண்டுமே! எண்களை வரிசைப்படி செருகும் சோதனையில் வெக்டரே வெல்வதை, மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப்பே காட்டியிருக்கிறார். உறுப்புகளின் முகவரி மாறவே கூடாது என்றால் மட்டும் நான் லிஸ்ட்டைத் தொடுவேன்.